என் தட்டில் விழுந்த அல்சிப் பொடி

எங்கள் வீட்டில் இருதயம் என்று சொன்னால் அது என்னுடையதுதான். எட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அதுதான் சட்டம். தேங்காய்ச் சட்னி வாரத்தில் ஒரு நாள், அப்பளம் சுட்டது மட்டும், ஊறுகாயைக் கண்ணால் பார்க்கலாம். என் மனைவி அன்றைக்குப் போட்ட சட்டத்தில் இன்றுவரை ஒரு வரி திருத்தவில்லை. கல்யாணப் பந்தியில்கூட என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வடைக்கூடையோடு ஆள் வரும்போது என் இலையின் மேல் கையை விரித்து மறைப்பாள். வடை வைக்க வந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

நான் மருந்துக்கடை ஆள். மாட்டுங்காவில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் முப்பத்து நான்கு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறேன். தாராவியில் பிறந்து, ஏழு பேர் படுக்கும் ஒற்றை அறையில் வளர்ந்து, பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அந்தக் கவுன்டர்தான் காலேஜ். மருந்துச் சீட்டைப் பார்த்தே வீட்டில் யாருக்கு என்ன சீக்கு, எத்தனை வருடமாக என்று சொல்லிவிடுவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும், முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் என் கை அலமாரிப் பக்கம் போய்விடும். நடந்த தப்பில் பாதிக்கு அந்தக் கைதான் காரணம்.

இப்போது நாங்கள் இருப்பது செம்பூரில். மகள் கல்யாணமாகி ஐரோலிக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் பாலம் ஏறி மறுபக்கம் போய்க் காய்கறியும் பூவும் வாங்கி வருவது பல வருடப் பழக்கம். இருதயக்காரன் சுமை தூக்கக் கூடாது என்பது சட்டத்தின் இன்னொரு பிரிவு என்பதால் திரும்பும்போது இரண்டு பையும் அவள் கையில்தான் இருக்கும். நான் வெறுங்கையை வீசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடப்பேன்.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம், அந்தப் பாலத்துப் படியில் பாதியில் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்து என்னவென்று கேட்டேன்.

"ரயில் பாக்கேன்," என்றாள்.

முப்பது வருடமாக அந்த ரயிலில் நெரிபட்டவள் அதில் புதிதாக என்னத்தைப் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நானும் பக்கத்தில் நின்று, வடாலாப் பக்கம் போகிற வண்டியில் கூட்டம் வாசலில் தொங்குவதைப் பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே படியில் ரயில் பார்த்தாள். அதற்கடுத்த வாரம் இரண்டு இடத்தில் பார்த்தாள். வீட்டிலும் ஒரு சோர்வு. முதுகின் மேல்பக்கம் யாரோ அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். சில நாள் அது தாடை வரைக்கும் இழுக்கிறது என்றாள். நான் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: வாயு. கடையிலிருந்து வாயு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு மாதம் கொடுத்தேன். நான் கொடுத்தது என்பதற்காக அவளும் ஒருநாள் விடாமல் அதைச் சாப்பிட்டாள்.

நெஞ்சில் கோளாறு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும், இடது கை மரத்துப்போக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அப்படித்தான் வந்தது. எனக்கு வந்ததுதான் நோய், மற்றதெல்லாம் வாயு என்று இருந்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் இருதயத்தைக் காட்டப் போவோம். போவோம் என்றால், நான் நடப்பேன். என் ஃபைல், பழைய ரிப்போர்ட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அவள் தூக்கி வருவாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடி ஏறியதும் அவள் டாக்டர் அறையின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்வை. டாக்டர் மராட்டிப் பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும், எங்களோடு ஹிந்தியில் பேசுவார். என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றப் போனவர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்தார். இன்றைக்கு யார் பேஷண்ட் என்று கேட்டுவிட்டு, என்னை எழுப்பி அவளை உட்கார வைத்தார்.

அவளைத்தான் கேள்வி கேட்டார். ஆனால் எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். பசி எப்படி? நன்றாக இருக்கிறது டாக்டர். தூக்கம்? பரவாயில்லை டாக்டர். மூச்சு வாங்குகிறதா? வாயு டாக்டர், மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவளிடமிருந்து என் பக்கம் திரும்பி, மாதவிலக்கு நின்று எத்தனை வருடமாகிறது என்று கேட்டார்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

பிரிட்ஜ் வாங்கிய வருடம் தெரியும். மகள் பிளஸ் டூ எழுதிய வருடம் தெரியும். எனக்கு ஸ்டென்ட் வைத்தது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று தெரியும். இது தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே அறையில், கூடவே இருந்தவனுக்கு அது நின்றதே தெரியவில்லை. ஆறு வருடமாகிறது என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

டாக்டர் எனக்குப் பாடம் எடுத்தார். மாதவிலக்கு இருக்கிறவரை பெண்ணின் உடம்பே இரத்தக் குழாய்களுக்கு ஒரு காவல் வைத்திருக்கிறதாம். அது நின்ற பிறகு காவல் குறைகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது. மூச்சு வாங்குவது, முதுகு, தாடை, காரணமில்லாத அசதி என்று பெண்களுக்கு இருதயக் கோளாறு பல சமயம் இப்படித்தான் முகம் காட்டுமாம். வீட்டில் எல்லோரும் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருப்பதால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதே தாமதம் என்றார். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். மருந்துக்கடைக்காரன் பெண்டாட்டியை அதில் சேர்க்க மறந்துவிட்டார்கள். அந்த வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் கவுன்டரில் வந்து, பக்கத்தில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, உடம்பு திடீரென்று கொதிக்கிறது அண்ணா, இராத்திரி துணியெல்லாம் நனைகிறது அண்ணா என்று மெல்லச் சொல்லியிருக்கிறார்கள். நானும் பெரிய மனிதன் மாதிரி தைரியம் சொல்லி, டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதே வருடங்களில் என் வீட்டில் ஃபேனை ஐந்தில் வைப்பதா இரண்டில் வைப்பதா என்று தினமும் சண்டை. மத்தியானத்தில் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பாள்; பிரிட்ஜ் கெட்டுப்போகும் என்று நான் கத்துவேன். திரும்பி வரும் பஸ்ஸில் இதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள், எனக்கு இன்றைக்குப் பிரஷர் பார்க்காமலே விட்டுவிட்டார்களே என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தாள்.

பிறகு இரண்டு வாரம் டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட். ஓடவிட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள். இருதயத்துக்குப் போகிற ஒரு குழாயில் சுருக்கம் ஆரம்பித்திருந்தது. இப்போதைக்கு ஸ்டென்ட் தேவையில்லை, ஆனால் இதை இப்படியே விட்டால் அது அங்கேயே நிற்காது என்றார் டாக்டர். கெட்ட கொழுப்பைக் குறைக்க இராத்திரி ஒரு மாத்திரை, பிரஷருக்குக் காலையில் ஒன்று, உப்புக் குறைவு, தினமும் நடை. அதோடு அல்சியை வறுத்துப் பொடித்துத் தினமும் இரண்டு ஸ்பூன். தமிழில் ஆளி விதை என்கிறார்கள். பம்பாயில் எங்கள் வாயில் அது அல்சிதான். அதில் நார்ச்சத்தும் நல்ல கொழுப்பும் உண்டு, இந்த வயதில் பெண்களுக்கு நல்லது, ஆனால் அது மாத்திரைக்குத் துணையே தவிர மாத்திரைக்குப் பதில் இல்லை என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். மூன்று மாதம் கழித்து இருவரும் ரிப்போர்ட்டோடு வரவேண்டும்.

மாத்திரையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. விதை மட்டும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சமையல் சமாசாரம் அல்லவா. முதல் வாரம் அல்சியைக் கடுகு மாதிரி எண்ணெயில் தாளித்து எல்லாப் பொரியலிலும் போட்டாள். அது என் பல்செட்டுக்குள் புகுந்துகொண்டு சித்திரவதை செய்தது. எதிர்வீட்டு மராட்டி அம்மாள்தான் தலையில் அடித்துக்கொண்டார். முழுசாகப் போட்டால் முழுசாகவே வெளியே போய்விடும், அரைத்தால்தான் உடம்பில் சேரும் என்று சொல்லி, அவர்கள் வீட்டு ஜவஸ் சட்னியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அல்சியைத்தான் அவர்கள் ஜவஸ் என்பார்கள். வறுத்த விதை, பூண்டு, மிளகாய், கொஞ்சம் கொப்பரை. என் மனைவி அதை நாக்கில் வைத்து ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கொப்பரையைத் தள்ளி, கொஞ்சம் உளுந்து வறுத்துப் போட்டு, உப்பைப் பாதியாக்கி, பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து எங்கள் ஊர் இட்லிப்பொடியாக்கிவிட்டாள்.

அந்தப் பொடியைப் பற்றி நான் உண்மையைச் சொல்லவேண்டும். பிரமாதம். எட்டு வருடம் தேங்காய்ச் சட்னிக்கு ஏங்கிக் கிடந்த நாக்கு மறுபடி பிறந்தது. இட்லிக்கு அது, தோசைக்கு அது, சூடான சோற்றில் போட்டுப் பிசைந்தால் அது. வெயிலில் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, சிவப்பு மூடி போட்ட டப்பாவில் பிரிட்ஜில் வைப்பாள். பத்து நாளைக்கு ஒருமுறை டப்பா காலி. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தவுடன் டப்பா என் கைப்பக்கம் வந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து இருவரும் போனோம். லிஃப்ட் வேலை செய்தது. டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னுடையது இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: அல்சிப் பொடி டாக்டர், இவள் கைப்பக்குவம், தினமும் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். சொன்னேனே தவிர, என் வாயிலிருந்து என்ன வந்தது என்று என் மண்டைக்குப் போகவில்லை. என் மனைவி ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய ரிப்போர்ட்டில் கொழுப்பு இறங்கவே இல்லை. பேருக்குக் கொஞ்சம் அசைந்திருந்தது. டாக்டருக்குப் புரியவில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். நான் மேலே விழுந்து சாட்சி சொன்னேன், நானே கடையிலிருந்து கொண்டுவந்து கொடுக்கிறேன் டாக்டர் என்று. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மாதம் பார்ப்போம், அதற்கும் இறங்காவிட்டால் மாத்திரையின் அளவைக் கூட்டி மறுபடி படம் எடுக்கவேண்டியிருக்கும், அந்தச் சுருக்கம் நமக்காகக் காத்திருக்காது என்றார். வெளியே வந்ததும் அவள், ஒங்க ரிப்போர்ட்டு நல்லாருக்குல்லா, அது போதும் என்றாள்.

மூன்றாவது நாள் காலை, கடையில் ரீஃபில் போன் செய்துகொண்டிருந்தேன். அது என் வேலைகளில் ஒன்று. மாதாமாதம் ஒரே மாத்திரை வாங்குகிறவர்கள் பட்டியல் ஒன்று இருக்கும். முப்பது நாள் மாத்திரை என்றால் இருபத்தெட்டாம் நாள் போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டும். ஒரு பெரியவர், இன்னும் ஸ்ட்ரிப்பில் மிச்சம் இருக்கிறது, பத்து நாள் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். நான் வழக்கம்போல உபதேசம் ஆரம்பித்தேன். ஐயா, மிச்சம் இருக்கிறது என்றால் நீங்கள் சாப்பிடவில்லை என்று அர்த்தம், மருந்து ஸ்ட்ரிப்பில் இருந்தால் வேலை செய்யாது, வயிற்றுக்குள் போகவேண்டும்.

சொல்லி முடித்துப் போனை வைத்தேன். பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தேன்; என் மனைவியின் பெயர் அதில் இல்லை.

அவளுக்கு முதல் மாதம் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். இரண்டாவது மாதம் அவள் கேட்கவில்லை. மூன்றாவது மாதமும் கேட்கவில்லை. மாட்டுங்காவில் பாதிப் பேருக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்துகிறவன், என் வீட்டில் யாருக்கு மருந்து தீர்ந்தது என்று பார்க்கவில்லை. அவள் கேட்கவில்லை என்பதையே நான் கவனிக்கவில்லை. டாக்டர் முன்னால் சாட்சி வேறு சொல்லியிருக்கிறேன்.

தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போனேன். என்னிடம் ஒரு சாவி உண்டு. கதவைத் திறந்தபோது அவள் சமையலறையில், மேடையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சோறு, அதன் மேல் நான் காலையில் மிச்சம் வைத்த சாம்பார். சிவப்பு மூடி டப்பா ஹாலில் சாப்பாட்டு மேஜையில், நான் காலையில் விட்டுப்போன இடத்திலேயே, என் நாற்காலிக்கு நேரே இருந்தது. திறந்து பார்த்தேன். அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது அரை ஸ்பூன்கூடத் தேறாது. அரைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. பத்து நாளைக்கு ஒரு டப்பாவைக் காலி செய்தது நான். டாக்டர் சொன்ன இரண்டு ஸ்பூனில் இரண்டும் என் தட்டில் விழுந்திருக்கிறது, கூட இன்னும் ஒன்றும் விழுந்திருக்கிறது. எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்கள். இங்கே எள்ளு நிழலில் உட்கார்ந்திருக்க, எலிப்புழுக்கை மூன்று மாதமாக வெயிலில் காய்ந்து டாக்டரிடம் நல்ல பெயரும் வாங்கி வந்திருக்கிறது.

பீரோவைத் திறந்தேன். என் மாத்திரைகளுக்கு ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் அதை நிரப்புவாள், ஒருநாள் தவறியதில்லை. அதன் பின்னால் அவளுடைய பிரஷர் மாத்திரையும் இராத்திரி மாத்திரையும். முதல் மாதம் நான் கொடுத்த அதே ஸ்ட்ரிப்புகள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தன.

எனக்குக் கோபம் வந்தால் குரல் மூன்று வீடு கேட்கும். அன்றைக்கும் கேட்டிருக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லித் திட்டினேன். டாக்டர் சொன்னதைச் சொல்லித் திட்டினேன், படம் எடுத்ததைச் சொல்லித் திட்டினேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நான் முடிக்கிறவரை நின்றாள்.

"டப்பாவ எடுத்தா கையி தானா ஒங்க தட்டுக்குத்தான் போவுது," என்றாள். "எட்டு வருசமா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு எது வந்தாலும் ஒங்களுக்குத்தான வைக்கேன். எனக்குன்னு வச்சுப் பழக்கம் இல்ல."

"மாத்திரை? அதயும் என் தட்டுலயா வச்ச?"

காலையில் என்னை அனுப்பும் அவசரத்திலும், இராத்திரி எல்லா வேலையும் முடித்துக் கடைசியாகச் சாப்பிட்டுப் படுக்கும்போதும் மறந்துவிடுகிறது என்றாள். அது பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். என் மருந்தில் ஒன்றைக்கூட மறக்காதவள் அவள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு மீதிப் பாதியையும் சொன்னாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஹார்ட் பேஷண்ட் போதும்னு நெனச்சேன். அந்த மாத்திரய முழுங்கும்போதெல்லாம் நானும் சீக்காளின்னு தோணுது. நீங்க விழுந்தா தூக்குறதுக்கு நான் இருக்கேன். நானும் படுத்துட்டா இந்த வீட்ட யாரு பாப்பா?"

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருடமாக என் உயிரை டப்பாவில் அடைத்து, மூடி போட்டு, நேரத்துக்கு நேரம் எடுத்துக் கொடுத்தவள், தன்னுடையதை வைக்க இடம் இல்லாமல் பீரோவின் மூலையில் போட்டு வைத்திருக்கிறாள்.

"வீட்டப் பாக்க ஆளு எனக்கு எதுக்குட்டி," என்றேன். "நீ வேணும். பொடி இல்லாமக்கூட இருந்துக்கிடுவேன். நீ இல்லாம முடியாது."

முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, மொதல்ல சாப்பிட்டியளா இல்லயா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். நான் போய் அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு மத்தியானம் இருவரும் வெளியே போய், எதிர்வீட்டு மராட்டி அம்மாள் சொன்ன கடையில் ஒரு கிலோ அல்சி வாங்கினோம். பையை நான் தூக்கினேன். அவள் இரண்டு தரம் பிடுங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து புதுச் சட்டம். அவள் தட்டை முதலில் வைக்கவேண்டும். அதில் இரண்டு ஸ்பூன் பொடி விழுகிறவரை நான் என் சோற்றில் கை வைக்கமாட்டேன். சொல்வதற்குச் சுலபம். என்னோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வாய் வைத்ததும் தண்ணீர் எடுக்க எழுந்திருப்பாள், இரண்டாவது வாய்க்கு அப்பளம் சுட எழுந்திருப்பாள், மூன்றாவதுக்கு யாரோ பெல் அடித்த மாதிரி இருக்கிறது என்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். எனக்குப் பசி பொறுக்காது என்பது அவளுக்குத் தெரியும். என் பசிக்காகவே வந்து உட்காருவாள். இப்படி அவள் பலவீனத்தை வைத்தே அவளைச் சாப்பிட வைத்தேன். வீடியோ காலில் இதைப் பார்த்த மகள், அப்பா, ஏ கியா சல் ரஹா ஹை, என்ன நடக்குது அங்க, அம்மாவை ஹாஸ்டல் பொண்ணு மாதிரி பாக்கறீங்க என்று சிரித்தாள். மறுவாரமே மகள் ஐரோலியிலிருந்து அம்மாவுக்கு ஒரு மாத்திரைப் பெட்டி வாங்கி வந்தாள், ஏழு அறை வைத்தது. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி என் பெட்டியை நிரப்பும்போது நான் அவளுடையதை நிரப்புகிறேன். கடையில் என் ரீஃபில் பட்டியலில் முதல் பெயராக அவள் பெயரை எழுதினேன். இருபத்தெட்டாம் நாள் கடையிலிருந்து அவளுக்குப் போன் போடுவேன். மேடம், உங்கள் மருந்து முடிகிறது என்பேன். வேற வேல இல்லயா ஒங்களுக்கு என்று வைத்துவிடுவாள்.

டாக்டரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவர் திட்டவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டவில்லை. முதலில் இதைச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்றார். அடுத்த ரிப்போர்ட்டில் அவளுடைய கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. இறக்கியது மாத்திரையா, விதையா, நடையா என்று கேட்டேன். பெரும்பங்கு மாத்திரைதான், மற்ற இரண்டும் கூடக் கை கொடுத்திருக்கும், யார் எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்றார். என் மனைவி இன்றுவரை முழுப் புகழையும் எதிர்வீட்டு மராட்டி அம்மாளுக்குத்தான் கொடுக்கிறாள். மருந்துக்கடைக்காரன் புருஷனாக இருந்து என்ன பயன். என்னுடைய ரிப்போர்ட் முன்பு போல அவ்வளவு பிரமாதம் இல்லை. எனக்கு இப்போது ஒரு ஸ்பூனோடு சரி.

போன வெள்ளிக்கிழமை காய்கறி வாங்கிவிட்டுப் பாலம் ஏறினோம். ஆளுக்கு ஒரு பை. முன்பு இரண்டு இடத்தில் நின்றவள் கடைசித் திருப்பம் வரைக்கும் நிற்காமல் வந்தாள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு இரண்டு படி முன்னால் போய்விட்டேன். பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. திரும்பினேன். கைப்பிடியில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. கீழே ஒரு வண்டி வந்து நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எனக்கு மூச்சு வாங்குது," என்றாள். "கொஞ்சம் நில்லுங்க."

எத்தனையோ ரிப்போர்ட் பார்த்திருக்கிறேன். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுபோல எதுவும் எனக்குத் தைரியம் கொடுத்ததில்லை. இறங்கிப் போய் அவள் பையையும் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஏறுகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள். வண்டி போய், அடுத்த வண்டியும் வந்து போனது. போகலாமா என்று நான் கேட்கவில்லை. அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.